பழைய வீட்டில் கை வைக்கும் முன்: சேதச் சீரமைப்பு காண்டிராக்டருக்கு வேண்டிய காப்பீடுகள்

புயலில் ஓடு பறந்த வீட்டைச் சரிசெய்யக் கூரையைப் பிரித்திருக்கிறீர்கள். கழுக்கோல் (கூரையின் சாய்வு மரம்) பாதி மாற்றியாகிவிட்டது, அதன்மேல் ஓடு பதியும் பட்டியல் சட்டம் இன்னும் அடிக்கவில்லை. மாலை நாலு மணிக்கு மழை இறங்குகிறது. உள்ளே தேக்குக் கட்டில், பிரிட்ஜ், சுவருக்குள் ஓடும் வயரிங், போன வருடம் பூசிய சுவர் எல்லாம் நனைகின்றன. "நம்மிடம் காண்டிராக்டர் பாலிசி இருக்கிறதே" என்று தைரியமாக இருப்பீர்கள். பெரும்பாலும் அந்தப் பாலிசி இந்த இழப்புக்கு ஒரு ரூபாய்கூடத் தராது.

காரணம் எளிது. வழக்கமான காண்டிராக்டர் பாலிசி காலி மனையில் புதுக் கட்டடம் எழுப்புகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. நீங்கள் புதிதாகச் செய்த வேலை அதில் ஒரு பகுதி. வெளியாளுக்கும் வெளியார் சொத்துக்கும் வரும் சேதம் இன்னொரு பகுதி. ஏற்கெனவே நிற்கிற, சாவியோடு உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட வீடு இந்த இரண்டிலும் சேராது. சீரமைப்புத் தொழிலில் இருக்கிறவர் காப்பீடு எடுக்கும்போது மற்ற எதையும்விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் கை வைக்கும் பழைய வீட்டுக்குப் பாதுகாப்பு உண்டா?

குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் 17, 18 பெருமழை எல்லாமே மழைக்காலத்தின் நடுவில் வந்தவை. அதாவது சேதத்தைச் சரிசெய்யும் வேலை தொடங்கும்போதே அடுத்த மழை தலைக்கு மேல் நிற்கும்.

கட்டாயம் எது, நிபந்தனை எது

வீடு பழுதுபார்க்கும் காண்டிராக்டர், வெளியாருக்கு வரும் சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு வைத்திருந்தால்தான் தொழில் செய்யலாம் என்று நம் ஊரில் பொதுவான உரிமச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் நேரடியாகச் சுமத்துவது இரண்டு. உங்கள் பெயரில் ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்கும் கடமை உங்களுடையது. மற்றவை ஒப்பந்தத்தின் வழியாக வரும். அரசு டெண்டர் ஆவணங்களில் வேலை தொடங்கும் நாள் முதல், முடித்த வேலையில் தெரியும் குறைகளை நீங்களே சரிசெய்து தர வேண்டிய குறைதீர்ப்புக் காலம் முடியும்வரை வேலைக்கும், பொருளுக்கும், பிறர் சொத்துக்கும், ஆள்காயத்துக்கும் இருவர் பெயரிலும் காப்பீடு எடுக்கச் சொல்வது வழக்கம். கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் நிர்வாகங்களும் இப்போது இதையே கேட்கின்றன. தனி வீட்டுக்காரர் கேட்க மாட்டார்; ஆனால் தவறு நடந்தால் அவருடைய காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வழக்குப் போடும் உரிமை உண்டு. அதனால் கேட்காத வேலைக்கும் எடுத்து வைப்பதே சரி.

தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி

1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-க்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. கணக்கிடும் முறை பழையதுதான்: உயிரிழப்பு என்றால் மாதக் கூலியில் 50 சதவீதத்தை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும், நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம். 2020 ஜனவரியில் கணக்குக்கான மாதக் கூலி வரம்பு 15,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அளவில் 30 வயதுக் கையாள் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து இறந்தால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கி 15,59,850 ரூபாய். அவர் உயிரோடு படுத்த படுக்கையானால் 9,000-ஐ அதே எண்ணால் பெருக்கி 18,71,820 ரூபாய். 45 வயதுக் கொத்தனார் இறந்தால் காரணி 169.44, தொகை 12,70,800. ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தால் 12 சதவீத வட்டியும், பாதித் தொகை வரை அபராதமும் சேரலாம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது, உங்கள் பையிலிருந்துதான் போகும்.

இந்த இழப்பீட்டை உங்களுக்காக ஏற்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியில் மூன்று இடங்களில் தப்பு நடக்கிறது. முதலாவது, கூலியைக் குறைத்துக் காட்டுவது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் பிரீமியத்தைக் குறைக்க நானூறு என்று எழுதினால், விபத்து நடந்த பிறகு கூலிப் புத்தகமும் பாலிசியும் ஒத்துப்போகாது, இழப்பீடு அங்கேயே சிக்கும். வருட முடிவில் உண்மையான மொத்தக் கூலியைக் காட்டிப் பிரீமியத்தை நேர்செய்யும் வசதி இருப்பதால் மறைக்கத் தேவையே இல்லை. இரண்டாவது, வேலையின் வகை. 'கொத்து வேலை' என்று மட்டும் எழுதிவிட்டு, சாய்ந்து நிற்கும் தென்னையை வெட்டவும் இடிந்த சுவரைத் தள்ளவும் ஆளை அனுப்புகிறார்கள். உயரத்தில் வேலை, இடிப்பு வேலை, மரம் வெட்டு என்று மூன்றையும் விண்ணப்பப் படிவத்தில் தனித்தனியாகச் சொல்லுங்கள். மூன்றாவது, மேஸ்திரி கொண்டுவரும் ஆட்கள். ஆசாரி வேலையை ஒருவருக்கும் பெயின்டிங்கை இன்னொருவருக்கும் உள்குத்தகை விட்டிருந்தாலும், அவர்களுடைய ஆட்களுக்குச் சட்டம் உங்களையும் பொறுப்பாக்கும். 'உள்ஒப்பந்தக்காரரின் தொழிலாளர்' என்ற நீட்டிப்பு, அதாவது கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்பு, பாலிசியில் எழுத்தில் இல்லாவிட்டால் அவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம்முடைய சைட்டில் நிற்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய பிடிமானம். கூடவே மருத்துவச் செலவு நீட்டிப்பையும் வாங்குங்கள். எலும்பு முறிவுக்கு முதல் மூன்று நாளில் ஆஸ்பத்திரியில் கட்டும் பணம்தான் எல்லோரையும் திணறடிக்கிறது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது, வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டும் தொழிலாளிக்கு நல்லவை, சேர்த்துவிடுங்கள். ஆனால் அவை உங்கள் சட்டப் பொறுப்பைக் கழிக்காது.

ஆல் ரிஸ்க் பாலிசியும் அதன் இணைப்புத் தாள்களும்

கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்ற பாலிசிதான் நடுநாயகம். முதல் பிரிவு நீங்கள் செய்யும் வேலைக்கு. இரண்டாம் பிரிவு மூன்றாம் நபருக்கு. முதல் பிரிவில் காப்பீட்டுத் தொகை என்பது முழு ஒப்பந்த மதிப்பு. வீட்டுக்காரர் தன் செலவில் இறக்கித் தரும் பொருளும் அதில் அடக்கம். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உதாரணமாக ஒப்பந்தம் 18 லட்சம். வீட்டுக்காரர் தன் கைப்பட வாங்கித் தந்த தேக்கும் டைல்ஸும் 6 லட்சம். உண்மை மதிப்பு 24 லட்சம், பாலிசி 18 லட்சத்துக்கு. இரண்டு லட்சம் நஷ்டம் வந்தால் நிறுவனம் முக்கால் பங்காகிய ஒன்றரை லட்சத்தையே கணக்கில் எடுக்கும். அதிலிருந்து எக்ஸஸ் தொகையையும், அதாவது ஒவ்வொரு நஷ்டத்திலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கையும், கழிக்கும். புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு எக்ஸஸ் தனியாக, கூடுதலாக இருக்கும். இரண்டு எண்ணையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மோசமான கைவேலையையும் தரமற்ற பொருளையும் மாற்றுகிற செலவு கிடைக்காது. துருவும் கிடைக்காது. குளச்சல் முதல் நீரோடி வரை கடலோர வீடுகளில் கம்பி உப்பேறி வீங்கிக் கான்கிரீட்டைத் தள்ளுவது அன்றாடக் காட்சி. அது நாள்பட்ட தேய்மானம், விபத்து இல்லை என்பதே நிறுவனத்தின் நிலை.

இனி முக்கியமான இடம். இரண்டாம் பிரிவின் விலக்குகளை எடுத்துப் பாருங்கள். "காப்பீடு பெற்றவருக்குச் சொந்தமான, அல்லது அவருடைய பராமரிப்பில், காவலில், கட்டுப்பாட்டில் உள்ள சொத்து" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் சாவி வாங்கிய வீடு அந்த வரிக்குள் விழுகிறது. அதை மீட்க 'ஏற்கெனவே உள்ள சொத்து' அல்லது 'சுற்றுச் சொத்து' என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் இணைப்புத் தாள், வேண்டும். அதற்குத் தனித் தொகை, தனிப் பிரீமியம்.

இந்த எண்டார்ஸ்மென்டுக்குள் ஒரு முள் உண்டு. வேலை தொடங்கும் முன் அந்தச் சொத்து நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும், தேவையான பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்திருக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான நிபந்தனை. புது வீட்டுக்குப் பக்கத்தில் மாடி கட்டுகிறவருக்கு இது தடையில்லை. வெள்ளம் புகுந்து வெளியேறிய வீட்டை எடுத்திருக்கும் உங்களுக்கோ, வீடு நல்ல நிலையில் இல்லை என்பதுதானே வேலையே! எனவே பேசாமல் வாங்கிவிடக் கூடாது. ஒரு சிவில் இன்ஜினியரிடம் இரண்டு பக்க அறிக்கை வாங்குங்கள்: எந்தச் சுவர், எந்தத் தூண், எந்த உத்தரம் பாதித்தது, எவை உறுதியாக நிற்கின்றன, எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும். அதை விண்ணப்பத்தோடு இணைத்து, 'இணைத்த அறிக்கையில் கண்ட நிலையிலேயே சொத்து ஏற்கப்பட்டது' என்று பாலிசித் தாளில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காக ஒரு வாரம் நடக்க நேர்ந்தாலும் நடங்கள்.

அதிர்வு, தாங்கல் தளர்தல் ஆகியவற்றுக்கும் இதே கதை. அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவர் வெடித்தால் அது வழக்கமான விலக்கு. தனி எண்டார்ஸ்மென்ட் வேண்டும். வாங்கினாலும் முழுதாகவோ பகுதியாகவோ இடிந்து விழுந்தால்தான் பணம். வெறும் வெடிப்புக்குக் கிடையாது. கோட்டாறு, வடசேரி போன்ற, சுவரும் சுவரும் ஒட்டிய தெருக்களில் வேலை எடுக்கிறவர்கள் இதை மனதில் வைத்தே விலை சொல்ல வேண்டும்.

மூன்றாம் நபர் தொகைக்கு ஒரு விபத்துக்கு எவ்வளவு, முழுக் காலத்துக்கு எவ்வளவு என்று இரண்டு எல்லை இருக்கும். நெருக்கமான தெருவில் ஒரு விபத்துக்கு 25 லட்சத்துக்குக் குறைந்தால் போதாது என்பதே எங்கள் கருத்து. ஒன்று கவனியுங்கள்: 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் விற்கப்படும் பாலிசி அபாயகரமான ரசாயனம் கையாளும் நிறுவனங்களுக்கானது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

இடிபாடு அகற்றும் செலவு, பராமரிப்புக் காலம் (வேலை முடிந்த பின் வரும் குறைதீர்ப்புக் காலம்) ஆகிய இரண்டு நீட்டிப்பையும் சேருங்கள். வீட்டுக்காரர், நீங்கள், உள்குத்தகைக்காரர் மூவர் பெயரும் காப்பீடு பெற்றவர் பகுதியில் வரட்டும். அதோடு, ஒவ்வொருவரும் தனித்தனிப் பாலிசி வைத்திருப்பதுபோல் கருதும் 'ஒருவருக்கொருவர் பொறுப்பு' என்ற எண்டார்ஸ்மென்டும் வேண்டும். பெரும்பாலான பொறுப்புப் பாலிசிகள் ஆஸ்பெஸ்டாஸை விலக்குகின்றன. பழைய சிமென்ட் ஷீட் கூரை பிரிக்கும் வேலை இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பம்பு, மிக்ஸர், சாரக் குழாய்களுக்குக் கட்டுமான இயந்திரப் பாலிசி தனியாக இருக்கிறது. வாடகைக்கு எடுத்த இயந்திரமானால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று வாடகைச் சீட்டிலேயே எழுதுங்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள்.

வேலைக்கு முந்தைய நாள்

காகிதத்தில் எழுதிய பாலிசியைக் காப்பாற்றுவது முந்தைய நாள் எடுக்கும் படங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலிருந்து நான்கு படம், மேற்கூரை ஒன்று, தரை ஒன்று. பக்கத்து வீடுகளின் நம் பக்கச் சுவரை அந்த வீட்டுக்காரரை உடன் நிறுத்திக்கொண்டு எடுங்கள். அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால், பிறகு "அண்ணே, நீங்க கடப்பாரை போட்ட பெறவுதான் எங்க சுவரு வெடிச்சுது" என்ற பேச்சுக்கு இடமில்லை. இருக்கிற வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டர் ஆப் பாரிஸை மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் மேலே தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் அது மயிரிழையாக உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். இருபது ரூபாய்ச் செலவு, எந்த வாதத்தையும் முடித்துவைக்கும்.

வெள்ளம் புகுந்த வீட்டில் மின்வாரிய இணைப்பைத் துண்டித்த பிறகே உள்ளே இறங்க வேண்டும். பம்பு ஓட்ட ஜெனரேட்டர் போட்டால் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். 'நியாயமான முன்னெச்சரிக்கை' என்ற நிபந்தனை எல்லாப் பாலிசியிலும் உண்டு. அதைவிட, தண்ணீருக்குள் நிற்பது ஒரு மனிதர்.

கூரை பிரிக்கும் வேலையில் ஒரு நாளில் மூட முடிந்த அளவுக்கு மேல் பிரிக்காதீர்கள். தார்ப்பாயை உச்சி முகட்டைத் தாண்டி மறுபக்கம் குறைந்தது மூன்றடி இறக்கிப் போடுங்கள். இரண்டு தார்ப்பாய் சேரும் இடத்தில் மேலது கீழதன்மேல் ஓரடியாவது ஏறி நிற்க வேண்டும். கயிற்றை ஓட்டிலோ பட்டியலிலோ கட்டக் கூடாது; காற்று தூக்கினால் ஓட்டையும் சேர்த்துத் தூக்கும். கழுக்கோலில் கட்டுங்கள், இறவாணத்தில் (கூரையின் கீழ் விளிம்பில்) மணல் மூட்டை தொங்கவிடுங்கள். திறந்த கூரையை மூடாமல் விட்டதால் வந்த நீர்ச்சேதம் என்று, இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதிவிட்டால் எந்த எண்டார்ஸ்மென்டும் உதவாது. தினமும் வேலை முடிந்ததும் மூடிய கூரையை மணி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மொட்டை மாடிக்குத் தார் ஷீட்டை நெருப்பில் உருக்கி ஒட்டுவதும் வெல்டிங்கும் சூட்டு வேலை. பாலிசியில் இதற்குத் தனி நிபந்தனை இருக்கும்: தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், எரியும் பொருள் அகற்றம், முடிந்தபின் காவல். மர மச்சுள்ள வீட்டில் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்காரரின் பாலிசியோடு மோதாமல்

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குப் பாரத் கிருக ரக்ஷா என்ற ஒரே மாதிரிப் பாலிசி வந்தது. அதில் புயலும் வெள்ளமும் அடக்கம். இடிபாடு அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் கிடைக்கும். வீட்டுக்காரரிடம் அது இருந்தால், அவருடைய சர்வேயர் பார்க்கும் முன் எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். ஆபத்தாகத் தொங்கும் சுவரை மட்டும் படமெடுத்துவிட்டு இறக்கலாம். உடைந்த ஓட்டிலும் உளுத்த மரத்திலும் மாதிரி எடுத்து வையுங்கள்.

மதிப்பீட்டுத் தாளை இரண்டாகப் பிரியுங்கள்: புயலால் வந்த சேதம் ஒன்று, பழைய தேய்மானமும் வீட்டுக்காரர் விரும்பும் புது வேலையும் மற்றொன்று. இரண்டையும் கலந்து 'கூரை வேலை மொத்தம்' என்று எழுதினால் சர்வேயர் எல்லாவற்றையும் வெட்டுவார். "கிளெய்ம் நான் வாங்கித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இழப்பை மதிப்பிடுவது உரிமம் பெற்ற சர்வேயரின் வேலை.

வாங்கும்போதும் நஷ்டம் வரும்போதும்

வேலைக்குப் பத்து நாள் முன்பே விலைப்புள்ளி கேளுங்கள். ஒப்பந்த நகல், மதிப்பீடு, இன்ஜினியர் அறிக்கை, படங்கள், கூலிப் பட்டியல், முந்தைய நஷ்டங்களின் விவரம் கையில் இருக்கட்டும். குளச்சலில் புயல் கூண்டு ஏறிய பிறகு ஓடினால் காரியம் நடக்காது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை பாதுகாப்பு தொடங்காது. காசோலை திரும்பினால் பாலிசியே இல்லை. தாள் வந்ததும் பெயர்கள், சைட் விலாசம், தேதிகள், தொகைகள், எக்ஸஸ், இணைத்த எண்டார்ஸ்மென்ட் எண்கள் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு ஒப்பிடுங்கள். மார்த்தாண்டத்துக் காண்டிராக்டர்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பக்கமும் வேலை எடுக்கிறார்கள். அந்த விலாசம் தாளில் இல்லையென்றால் அந்த சைட்டுக்குப் பாலிசி இல்லை.

நஷ்டம் நடந்தால் ஆளைக் காப்பாற்றுங்கள், சேதம் பரவாமல் தடுங்கள். அன்றைக்கே நிறுவனத்துக்குப் போன் செய்து, பிறகு மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஆல் ரிஸ்க் பாலிசியில் எழுத்துத் தகவலுக்கு வழக்கமான கெடு 14 நாள். பாதிக்கப்பட்டவரிடம் அன்பாகப் பேசுங்கள், உதவுங்கள். ஆனால் "தப்பு எங்களுடையது, இவ்வளவு தருகிறோம்" என்று நிறுவனத்தின் சம்மதமில்லாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். பொறுப்புப் பாலிசி அங்கேயே கைவிட்டுவிடும். உயிரிழப்பு, தீ என்றால் காவல் நிலைய, தீயணைப்புத் துறைப் பதிவு அவசியம். மழை, வெள்ளம் என்றால் அன்றைய மழையளவுப் பதிவு உதவும்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவிலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். தனி உரிமையாளரும் குறு நிறுவனமும் 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுக்குச் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (தகராறைத் தீர்க்கும் அதிகாரியிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

மழை நீண்டால் வேலையும் நீளும். பாலிசி முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு கால நீட்டிப்புக் கடிதம் கொடுத்துக் கூடுதல் பிரீமியம் கட்டுங்கள். வீட்டுக்காரர் பாதி வீட்டில் குடியேறிவிட்டால் அந்தப் பகுதிக்கு முதல் பிரிவுப் பாதுகாப்பு அன்றோடு முடியும். அதனால் சாவி கொடுக்கும் தேதியையும் எந்த அறைகள் என்பதையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, நகலை அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.